முழுக் கட்டுரை

ஜூன் 10, 2024, திங்கள்

ஐம்பத்தெட்டு சதவீதம்.

காலை பதினொரு மணிக்கு முனைவர் குழலியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என் எம்.பி.ஏ. திட்ட அறிக்கைக்கு அவர்தான் வழிகாட்டி. அறிக்கையின் இரண்டாம் அத்தியாயத்தில், என் தலைப்பில் மற்றவர்கள் ஏற்கெனவே செய்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருந்தேன். அதை எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தார்களாம். ஐம்பத்தெட்டு சதவீதம் பிறர் எழுத்து என்று வந்திருக்கிறது. பத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 'உங்கள் சொந்தச் சொற்களில் திரும்ப எழுதவும்' என்று முடித்திருக்கிறார். அந்த நான்கு வரி மின்னஞ்சலில் இரண்டு காற்புள்ளிகள் தவறான இடத்தில் இருந்தன.

எழுபத்தோரு வயதில் திருட்டுப் பட்டம். கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் வரலாற்றுப் பாடத்தை ஒரு சொல்கூடப் பிசகாமல் எழுதிக் கொடுப்பவர்களுக்குத்தான் பதக்கம் தருவார். எனக்கு மூன்று பதக்கங்கள் உண்டு. இப்போதும் அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையிலிருந்தும் நல்ல வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்துப் பிழையில்லாமல் எழுதி, பக்கத்தில் ஆசிரியர் பெயரும் போட்டேன். மேற்கோள் குறி போடவில்லை. பெயர் போட்ட பிறகு குறி எதற்கு?

ஜூலை 31 கடைசி நாள். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் அறிக்கையை ஒப்படைக்காவிட்டால் பதிவே ரத்து. இருபது தாள்களும் தேறி, கடைசியில் ஓர் அத்தியாயத்தில் நிற்கிறேன்.

சேர்ந்த நாள் நினைவுக்கு வருகிறது. விண்ணப்பத்தில் அனுபவம் என்ற கட்டத்தில் 'அட்டைப்பெட்டி ஆலை, 34 ஆண்டுகள்' என்று எழுதினேன். எழுத்தர் நியமனக் கடிதம் கேட்டார். இல்லை என்றேன். அந்த வரியை அடித்துவிட்டு 'இல்லத்தரசி' என்று எழுதினார்.

(இந்த நாட்குறிப்பைத் தமிழில் எழுதுவது பள்ளிக்கூடப் பழக்கம். எங்கள் சிஸ்டர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.)

ஜூன் 12, புதன்

படிப்பு மைய நூலகத்துக்குப் போனேன். இரண்டாம் மாடி, மின்தூக்கி ஓடவில்லை. நூலக உதவியாளர் தங்கமாரிக்கு ஐம்பது வயதிருக்கும். வாயில் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கியிருப்பாள்.

"என்னம்மா, மிஷின்ல மாட்டிக்கிட்டீகளாக்கும்?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஒங்க மொகம் சொல்லுது. விடுங்கம்மா. போன வருசம் ஒரு பேங்க் மேனேசர் எண்பத்தாறு வாங்குனாரு. ஃபர்ஸ்ட் கிளாஸ்னு நெனச்சு ஸ்வீட் பாக்ஸோட வந்து நின்னாரு."

நான் சிரிக்கவில்லை. மாடிப்படி இறங்கும்போதுதான் சிரித்தேன்.

புதிய கட்டுரைகள் வேண்டும். ஆய்விதழ்களின் தரவுத்தளத்தில் தேட வேண்டும். 'தொழிலதிபர்களின் பிள்ளைகள் குடும்ப நிறுவனத்தை ஏற்க ஏன் மறுக்கிறார்கள்?' என்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக, கேள்விக்குறியோடு தட்டினேன். முடிவுகள்: பூஜ்யம்.

"அதுக்கிட்டப் போயி நல்ல இங்கிலீசு பேசிக்கிட்டு. கொத்தனார்கிட்ட சொல்றாப்புல சொல்லுங்கம்மா. செங்கல், மணலு, சிமிட்டி. அம்புட்டுத்தான்."

சொன்னபடி செய்தேன். குடும்ப நிறுவனம், வாரிசு, மறுப்பு. நடுவில் ஆங்கில 'அண்ட்' பெரிய எழுத்தில். சேர்ந்தே வர வேண்டிய சொற்களுக்கு மேற்கோள் குறி. நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் வந்து விழுந்தன. பிறகு ஒரு கட்டத்தில் டிக் போடச் சொன்னாள். அதே துறை அறிஞர்கள் படித்துத் திருத்தி ஒப்புக்கொண்ட கட்டுரைகளை மட்டும் அது காட்டுமாம்.

அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. வெளியே போகும் எழுத்தை இன்னொரு கண் பார்க்க வேண்டும் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் சொல்லி வந்தவள் நான். கப்பலூரில் எங்கள் ஆலை இருந்தவரை என் சிவப்புப் பேனா படாத ஒரு கடிதமும் வாடிக்கையாளருக்குப் போனதில்லை. பதவி இல்லை, நாற்காலி இல்லை. பேனா இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

ஆலயத்தின் வாராந்தரத் தாளில் நான்கு பிழைகள். திருத்தி ஆயரிடம் கொடுத்தேன். நன்றி சொன்னார். போன வாரமும் சொன்னார்.

ஆறு மணிக்கு ஜெமிமாவின் அழைப்பு. எங்கள் ஒரே மகள். கொச்சியில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள்.

"கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுறீங்களா மம்மி?"

"விடுறேன்."

"தண்ணி மோட்டார் சரியாச்சா?"

"ஆள் வரல."

"சரி மம்மி. வச்சிடவா?"

நான்கு நிமிடம். படிப்பைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகளாகச் சொல்லவில்லை. பட்டம் கைக்கு வந்த பிறகு சொல்லலாம்.

2007-இல் ஆலைக்கு வந்தாள். 2010-இல் போய்விட்டாள். அவளுக்குத் தொழிலில் நாட்டமில்லை. யாரையும் பிடித்து வைத்திருக்க முடியாது. 2013-இல் ஆலையை விற்றோம். அதன் பிறகு என் கணவர் எந்த வேலையிலும் மனம் ஒட்டாமல் ஐந்து ஆண்டு இருந்தார். 2018-இல் போய்ச் சேர்ந்தார். என் அறிக்கையின் தலைப்பு 'குடும்ப நிறுவனங்களை வாரிசுகள் ஏற்க மறுப்பது ஏன்?' என்பது. பொதுவான தலைப்பு.

ஜூன் 19, புதன்

கிடைத்தது.

வாரிசு என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மகள்' என்று போட்டேன். சும்மா, ஒரு சோதனைக்காக. கூடவே 'அட்டைப்பெட்டி'. ஒரே ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ரேணுகா பாட்கர், புனே. 2014-ஆம் ஆண்டு. தென் தமிழ்நாட்டின் மூன்று அட்டைப்பெட்டி நிறுவனங்களில் மகள்கள் பொறுப்பேற்காமல் விலகியதைப் பற்றியது. பெயர்கள் மறைக்கப்பட்டு நிறுவனம் ஏ, பி, சி என்று இருக்கிறது. தென் மாவட்டங்களில் மகள் வேலைக்கு வந்த அட்டைப்பெட்டி ஆலைகள் எத்தனை இருந்திருக்கும்? எனக்குத் தெரிந்து ஒன்று.

கட்டுரையின் தலையில் பத்து வரியில் ஒரு சுருக்கம் இருந்தது. அதில் கடைசி வரியை இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்: 'இவ்விலகல், குடும்பங்களில், மகள்களின் சொந்த முடிவாகவே சொல்லப்படுகிறது.'

சொந்த முடிவு. நான் சொன்னதல்ல. துறை அறிஞர்கள் படித்து ஒப்புக்கொண்ட இதழில் அச்சானது.

சுருக்கத்துக்குக் கீழே பூட்டுப் படம். முழுக் கட்டுரை எங்கள் பல்கலைக்கழகச் சந்தாவில் இல்லை.

"ஆசிரியருக்கே மெயில் போட்டுக் கேளுங்கம்மா. நெறயப் பேரு அனுப்பிருவாக" என்றாள் தங்கமாரி.

தேவையில்லை என்றேன். சாரம் சுருக்கத்திலேயே இருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

இரண்டு நாளில் அத்தியாயம் முழுவதையும் புதிதாக எழுதிவிட்டேன். கட்டுரையை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து என் சொற்களில் எழுத வேண்டும் என்பது குழலி சொன்ன உபாயம். சிரமம் என்னவென்றால், மூடி வைத்தாலும் எனக்கு வாக்கியங்கள் அப்படியே நினைவில் நிற்கின்றன. சிஸ்டர் பெர்னதெத்தின் வேலை.

பாட்கரின் கட்டுரையை அத்தியாயத்தின் முதுகெலும்பாக வைத்திருக்கிறேன். 'மகள்கள் தாமாகவே விலகினர் (பாட்கர், 2014)' என்று எழுதியபோது கை சற்று வேகமாகவே ஓடியது.

ஜூன் 23, ஞாயிறு

பிரசங்கம் நீளம். ஜெமி மூன்று நிமிடம்.

ஜூன் 28, வெள்ளி

குழலியைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. நான் அவரை மேடம் என்கிறேன், அவர் என்னை மேடம் என்கிறார். எதிரே வரும் யாரும் குழம்பிப் போவார்கள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம். இந்தப் பாட்கர் பேப்பர் உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. முழுசாப் படிச்சீங்கல்ல?"

"படிச்சேன்."

"சாம்பிள் எவ்வளவு?"

"மூன்று நிறுவனங்கள்."

"அது சுருக்கத்துலயே இருக்கு. எத்தனை பேரைப் பேட்டி எடுத்திருக்காங்க?"

குறிப்புகளைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "பாத்து, பக்க எண்ணோட சேத்துடுங்க" என்றார். அந்த ஒரு கணம் எனக்குப் பிடிக்கவில்லை.

படித்தேன் என்றது பொய்யில்லை. கிடைத்ததைப் படித்தேன். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்துத்தானே எல்லாரும் வாங்குகிறார்கள்?

என் கணவர் அப்படி இருந்ததில்லை. லாரி புறப்படும் முன் நூற்றுக்கு ஒரு பெட்டியை எடுத்துக் கத்தியால் கிழித்து உள்ளே பார்ப்பார். நல்ல பெட்டி வீணாகிறதே என்பேன். "சீட்டு நாம ஒட்டுனதுதானே பியூ" என்பார்.

ஜூன் 29, சனி

ரேணுகா பாட்கருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஆறு முறை திருத்தினேன். 'தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்றை, ஆய்வு நோக்கத்துக்காக மட்டும், அனுப்பி உதவ இயலுமா? பி. வேதமாணிக்கம், எம்.பி.ஏ. மாணவர்.' பியூலா என்ற பெயரை முழுதாகப் போடவில்லை. தேவையில்லை.

ஜூலை 3, புதன்

பதில் இல்லை. மோட்டார் ஆள் வந்தார். கெட்டது மோட்டார் இல்லை, சுவிட்ச்.

ஜூலை 5, வெள்ளி

பதில் இல்லை. ஒரு நாளில் எட்டு முறை அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்ப்பது ஒழுங்கான பழக்கம் அல்ல. இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

ஜெமி வழக்கம்போலக் கண் மருந்தில் தொடங்கினாள். நான் இடைமறித்தேன்.

"ஆலையில டாடியைப் பேட்டி எடுக்க யாராவது வந்தாங்களா? நீ போன பிறகு?"

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுபடவில்லை.

"எதுக்குக் கேக்குறீங்க மம்மி?"

"சும்மாதான்."

"வந்தாங்க. புனேல இருந்து."

"உன்கிட்டயும் பேசினாங்களா?"

"போன்ல பேசுனேன்."

"என்ன பேசின?"

"பதிமூணு வருசமாச்சு மம்மி. யாருக்கு ஞாபகம் இருக்கு. வச்சிடவா?"

இரண்டு நிமிடம்.

ஜூலை 11, வியாழன்

ஒன்பது சதவீதம். அத்தியாயம் ஏற்கப்பட்டது. பாட்கர் கட்டுரைக்கு மட்டும் பக்க எண்ணைச் சேர்த்துவிட்டால் அறிக்கையைக் கட்டு போட்டு ஒப்படைக்கலாம் என்று குழலி எழுதியிருக்கிறார். 'வாழ்த்துகள் மேடம்.'

கடைத்தெருவுக்குப் போய் அறிக்கைக்கு மேலட்டை நிறம் பார்த்துவிட்டு வந்தேன். கரும்பச்சை.

ஜூலை 12, வெள்ளி

கட்டுரை வந்துவிட்டது. களப்பணியில் இருந்ததால் தாமதம், மன்னிக்கவும் என்று பாட்கர் இரண்டு வரி எழுதியிருக்கிறார். மொத்தம் இருபத்து நான்கு பக்கம், 201 முதல் 224 வரை.

மாலை நான்கு மணிக்கு அச்செடுத்து வந்தேன். ஒரே அமர்வில் படித்தேன்.

ஜூலை 13, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 14, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. முழங்கால்.

உள்ளதை உள்ளபடி எழுதி வைப்பது நல்லது. நிறுவனம் பி எங்களுடையதுதான். சந்தேகமில்லை. கப்பலூர் என்று எழுதவில்லை. 'கோயில் நகரம் ஒன்றின் தெற்கே உள்ள தொழிற்பேட்டை' என்று இருக்கிறது. பேட்டிகள் மொத்தம் பதினொன்று. பி1 என்பது அவர். பி2 என்பது ஜெமி.

பி2 சொன்னது: 'மூன்று ஆண்டுகளில் நான் எழுதிய ஒரு கடிதம்கூட நான் எழுதியபடி வெளியே போகவில்லை. சிவப்பு மையோடு மேசைக்குத் திரும்பி வந்துவிடும். போகப் போக, எழுதும்போதே எந்த இடத்தில் சிவப்பு விழும் என்று பார்க்கத் தொடங்கினேன். ஒருநாள் ஒரு வரிகூட எழுத வரவில்லை. அன்றைக்குக் கிளம்பினேன். அந்தத் தொழில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.'

பி1 சொன்னது: 'இரண்டு பேருமே என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஒருத்தியை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் இன்னொருத்தியைப் போகவிட்டேன்.'

அந்தச் சுருக்கத்தின் வரியும் உள்ளே இருக்கிறது, அடுத்த வரியோடு. 'மகள்களின் சொந்த முடிவாகவே சொல்லப்படுகிறது' என்பது வரை நான் படித்தது. 'பேட்டிகள் இதை உறுதிசெய்யவில்லை' என்பது தொடர்ச்சி.

பாட்கர் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. 2011, ஆகஸ்ட். யாரோ கல்லூரிப் பெண், பேட்டி என்றார்கள். என் கணவரின் அறைக்கதவு மூடியிருந்தது. நான்தான் தேநீர் அனுப்பினேன். முறுக்கு வைக்காதே, கடிக்கிற சத்தம் ரெகார்டரில் விழும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

கட்டுரையின் கடைசியில் ஆய்வின் குறைகள் என்று ஒரு பத்தி. 'நிறுவனம் பி-யில், நிறுவனரின் மனைவிக்கு முறையான பதவி எதுவும் இல்லாததால் அவரைப் பேட்டி காணவில்லை. அவர் தரப்பு இல்லாதது இவ்வாய்வின் குறை.'

பதவி இல்லை. அந்த எழுத்தரும் இதைத்தான் சொன்னார்.

ஆறு மணிக்கு ஜெமி அழைத்தாள். எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு குறுஞ்செய்தி அனுப்பினேன்.

ஜூலை 16, செவ்வாய்

இரும்பு அலமாரியின் கீழ்த் தட்டில் ஆலைக் கோப்புகள் உள்ளன. ஜெமி எழுதிய கடிதங்களின் வரைவுகளைத் தேடி எடுத்தேன். ஞாபகம் மிகைப்படுத்தும். ஆராய்ச்சி என்றால் ஆவணத்தைப் பார்க்க வேண்டும். அவள் சொன்னது மிகை என்று காட்டச் சிவப்பு படாத நான்கு கடிதங்கள் கிடைத்தால் போதும் என்று உட்கார்ந்தேன்.

அறுபத்திரண்டு வரைவுகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு. 'விரைவில்' என்பதை 'கூடிய விரைவில்' ஆக்கியிருக்கிறேன். வேறொன்றில் 'கூடிய விரைவில்' என்பதை 'விரைவில்' ஆக்கியிருக்கிறேன். சரக்கின் அளவிலோ தேதியிலோ விலாசத்திலோ அவள் ஓரிடத்திலும் தவறவில்லை.

கடைசி வரைவு 2010 மார்ச் மாதத்தது. அதில் ஒரு திருத்தமும் இல்லை. மேலே மூலையில் என் கையெழுத்தில், சிவப்பில், 'திரும்ப எழுது' என்று மட்டும் இருக்கிறது.

எதை, எதற்காக என்று எனக்கே தெரியவில்லை. மூன்று முறை படித்தேன். நல்ல கடிதம்.

ஜூலை 17, புதன்

கரும்பச்சை மேலட்டைக் கடையிலிருந்து எப்போது தாள்களைத் தருவீர்கள் என்று அழைப்பு. சொல்கிறேன் என்றேன்.

அத்தியாயம் ஏற்கப்பட்டாயிற்று. பக்க எண்ணைப் போட வேண்டியதுதான் மிச்சம். 203 என்று போட்டால் போதும்; சுருக்கத்தில் வந்த அந்த வரி அங்கேதான் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியைப் போய் யாரும் படிக்கப் போவதில்லை. பட்டம் வந்துவிடும்.

மாலையில் வெளியே நடக்கப் போனேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். மறுபடி போனேன்.

ஜூலை 18, வியாழன்

குழலிக்குத் தொலைபேசினேன். நின்றுகொண்டே பேசினேன், ஏன் என்று தெரியவில்லை.

"மேடம், ஜூன் இருபத்தெட்டாம் தேதி அந்தக் கட்டுரையை முழுசாப் படிச்சேன்னு சொன்னேன். படிக்கல. சுருக்கம் மட்டும்தான் படிச்சிருந்தேன். இப்ப முழுசாப் படிச்சிட்டேன். நான் எழுதினதுக்கு நேர் எதிரா இருக்கு."

"தெரியும் மேடம்."

"எதிரா இருக்குன்னா?"

"இல்ல, நீங்க படிக்கலைன்னு. எல்லாரும் பண்றதுதான். நானும் பி.எச்டி-ல பண்ணியிருக்கேன். எதிரா இருந்தா, அதையும் ஒரு பாரா சேத்துடுங்க. புதுசா எழுதணும்னா பதிமூணு நாள்தான் இருக்கு."

"அந்த நிறுவனம் பி எங்களோடது. பேட்டி எடுக்காம விட்ட மனைவி நான்தான்."

அவர் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒரு வருசமா உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன். இதுவரைக்கும் யாரும் பாக்காத இடம் எது, உங்க ஆய்வு எதை நிரப்பப் போகுதுன்னு. நீங்க தப்பான எடத்துலயே தேடிக்கிட்டிருந்தீங்க மேடம்."

என் தரப்பையே ஆய்வாக எழுதலாம், ஆனால் நிபந்தனை உண்டு என்றார். நான் யார் என்பதை அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் பி2 யார் என்பதும் தெரிந்துவிடும். ஆகையால் பி2-இன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இல்லாமல் அறிக்கையை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பழைய அறிக்கையையே கொடுப்பதானால் எந்தச் சம்மதமும் வேண்டாம்.

"உங்க மகள் சம்மதிப்பாங்களா?"

தெரியாது என்றேன்.

ஜூலை 20, சனி

எழுதுகிறேன். தலைப்பை மாற்றிவிட்டேன். வாரிசுகள் மறுப்பது ஏன் என்பதை எடுத்துவிட்டு, வாரிசுகள் விலகுவதில் பதவியில்லாத குடும்பத்தாரின் பங்கு என்று வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இன்னும் நீளம்.

இதில் நினைவிலிருந்து ஒப்பிக்க எதுவும் இல்லை. இப்படிப்பட்ட வாக்கியத்தை எனக்கு முன்னால் எழுதியவர் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

ஜூலை 21, ஞாயிறு

ஜெமியின் அழைப்பை எடுத்தேன்.

"போன வாரம் எடுக்கவே இல்ல. உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"குரல் ஒரு மாதிரி இருக்கே மம்மி."

"மின்விசிறிக் காத்து."

சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளுக்கு அலுவலகத்திலிருந்து இன்னொரு அழைப்பு வந்துவிட்டது.

ஜூலை 24, புதன்

முடிந்தது. அத்தியாயம் நாற்பத்தோரு பக்கம். சிவப்பு மையைப் பற்றியது ஐந்து பக்கம். ஏன் அப்படிச் செய்தேன் என்று எழுத முயன்று மூன்று முறை அடித்தேன். கடைசியில் இப்படி விட்டேன்: 'ஆய்வாளருக்கு நிறுவனத்தில் இருந்த ஒரே இடம் அந்தத் திருத்தம்தான். வாரிசின் கடிதம் திருத்தமில்லாமல் போயிருந்தால் ஆய்வாளருக்கு அங்கே வேலை இருந்திருக்காது.' அறிக்கையில் நான் என்று எழுதக் கூடாது, ஆய்வாளர் என்றுதான் எழுத வேண்டும் என்பது விதி. அந்த விதி உதவியாக இருந்தது.

தங்கமாரியிடம் கொடுத்து மென்பொருளில் போடச் சொன்னேன். நான்கு சதவீதம். அந்த நான்கும் மேற்கோள்கள், குறியோடு.

"அம்மா, இப்பத்தாம்மா இது ஒங்க எழுத்து" என்றாள். அத்தியாயத்தை அவள் படித்திருக்கக் கூடாது. படித்திருக்கிறாள். கண்டிக்கவில்லை.

ஜூலை 25, வியாழன்

காலையில் ஜெமிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அத்தியாயமும் சம்மதப் படிவமும் இணைப்பில்.

'அன்புள்ள ஜெமிமா, நான் ஐந்து ஆண்டுகளாக எம்.பி.ஏ. படித்து வருகிறேன். இது என் அறிக்கையின் ஒரு பகுதி. பி2 என்று வருவது நீ. படித்துப் பார். தவறு இருந்தால் திருத்து. இதை வெளியிடுவதில் உனக்குச் சம்மதம் இருந்தால் மட்டும் கையெழுத்திடு. இல்லையென்றால் முன்பு எழுதிய பழைய அறிக்கையையும் கொடுக்காமல் விட்டுவிடுவதாக இருக்கிறேன். அது சரியான அறிக்கை அல்ல.'

'சிவப்பிலேயே திருத்தலாம்' என்று முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியை எடுத்துவிட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

பதில் இல்லை. வெள்ளிப் பாத்திரங்களைத் துலக்கினேன்.

ஜூலை 27, சனி

பதில் இல்லை. துலக்கியதையே துலக்கினேன்.

ஜூலை 28, ஞாயிறு

ஆயர் தாளை நீட்டினார். படித்தேன், மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். "இன்னைக்குப் பிழை இல்லையாம்மா?" என்றார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். மூக்கின் மேல்தான் இருந்தது.

ஆறு மணி. ஆறரை. ஏழு. இந்தப் பதினான்கு ஆண்டுகளில் அவள் அழைக்காத முதல் ஞாயிறு இது.

ஜூலை 29, திங்கள்

பிற்பகல் இரண்டரைக்கு வந்தது. இரண்டு இணைப்புகள்.

முதலாவது சம்மதப் படிவம். கையெழுத்திட்டிருக்கிறாள். தேதி ஜூலை 25. அன்றைக்கே கையெழுத்திட்டுவிட்டு நான்கு நாள் வைத்திருந்திருக்கிறாள்.

இரண்டாவது அத்தியாயம். நாற்பத்தோரு பக்கமும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். சிவப்பு மை ஐந்து பக்கத்திலும் ஒரு குறியும் இல்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் ஏழு வரிக்கு நீள்கிறது, எனக்கே தெரியும். அதைக்கூட விட்டிருக்கிறாள். இரண்டு பேட்டி வரிகளையும் நான் மேற்கோள் காட்டியிருக்கும் முப்பத்து மூன்றாம் பக்கத்தில் மட்டும், ஓரத்தில், ஒரு குறிப்பு:

'மம்மி, ரெண்டுக்கும் 214ன்னு போட்டிருக்கீங்க. 214-ல இருக்கிறது நான் சொன்னது. டாடி சொன்னது 215.'

பாட்கரின் கட்டுரையை நான் அவளுக்கு அனுப்பவில்லை. என் பிரதியை எடுத்து விரித்தேன். 214-ஆம் பக்கம் அவள் வரியோடு முடிகிறது. தாளைத் திருப்பினேன். அவருடைய வரி அடுத்த பக்கத்தின் தலையில் இருக்கிறது.

215 தான். திருத்திவிட்டேன்.